இரட்டைச் சுழி

என் தலையில் இரண்டு சுழி. உச்சியில் ஒன்று, மூன்று விரல் தள்ளி வலப்பக்கம் இன்னொன்று. நான் பிறந்த அன்றே அம்மாச்சி தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாளாம். ஆண் பிள்ளைக்கு இரட்டைச் சுழி இருந்தால் எங்கள் பக்கம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: "பயலுக்கு ரெண்டு பொண்டாட்டி." பெண் பிள்ளைக்கு இருந்தால் சிரிக்க மாட்டார்கள். அவளுக்கு இரண்டு கல்யாணம் என்றால் முதல் புருஷன் என்ன ஆனான் என்ற கேள்வி வந்துவிடுகிறதல்லவா? ஆக, கண் திறக்கும் முன்பே என்மேல் ஒரு கொலைக் குற்றம் இருந்தது.

அம்மா அதை மறைத்தே என்னை வளர்த்தாள். நடு வகிடு எடுக்கவே மாட்டாள். எண்ணெயை வழிய வைத்து, கோண வகிடு எடுத்து, அந்த இடத்தின்மேல் முடியைப் படிய வாரி ஹேர்பின் குத்துவாள். பள்ளிக்கூடத்துப் போட்டோக்கள் அத்தனையிலும் என் தலை ஒரு பக்கம் சரிந்த கூரை மாதிரி இருக்கும். 2001இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா பூ வைத்துவிடுகிற சாக்கில் என் பின்னால் வந்து நின்றார். விரல்கள் மல்லிகைச் சரத்தை விட்டு உச்சிக்கு ஏறின. ஹேர்பின் கழன்றது. விரல் ஓர் இடத்தில் நின்றது, பிறகு இன்னோர் இடத்தில் நின்றது. சந்தையில் மாடு பிடிக்கும் தரகர் சுழி பார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கோபுரச்சுழி, பாடைச்சுழி, விலங்குச்சுழி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தடவுவாரே, அதே விரல். காபியைக் குடித்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

அந்த இடம் தட்டிப்போனதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அன்று ராத்திரி அம்மா சட்டி கழுவிக்கொண்டே அழுத சத்தம் மட்டும் இன்னும் காதில் நிற்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் என் அண்ணன் மகள். வயது 27. வீட்டில் இன்னும் பாப்பாதான். சென்னையில் கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுக்கும் இரட்டைச் சுழி. போன கோடையில் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிற தொந்தரவு வந்து, பாப்பா ஒரு மாதம் மம்சாபுரத்தில் வந்து தங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற வழியில், மேற்கே மலையைப் பார்த்துக் கிடக்கிற ஊர் எங்களுடையது. சாயங்காலம் மலை நீலமாகும்போது திண்ணையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவாள். திரையில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். அம்மா படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "எறும்பா தாயி?" என்பாள்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "அத்தை, வோர்டெக்ஸுக்குத் தமிழ்ல என்ன வார்த்தை?"

"எந்த வோர்டெக்ஸ்?"

"சூப்பர் கண்டக்டருக்குள்ள வர்றது. அது நகர்றதுக்குத்தான் நான் சமன்பாடு எழுதுறேன்."

சூப்பர் கண்டக்டருக்கு மீக்கடத்தி என்று பாடநூல்களில் வைத்திருக்கிறோம். வோர்டெக்ஸுக்குச் சுழல், சுழிப்பு என்றெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் எனக்குப் பிடிக்காத அந்தச் சொல்லையே சொன்னேன்: சுழி. அகராதியில் அதற்கு இருக்கிற பொருள்களையும் வரிசையாகச் சொன்னேன். ஆற்றுச் சுழி, முடிச் சுழி, தலைவிதி, பிள்ளையார் சுழி, எழுத்தின் வளைவு. எங்கள் வேலையில் அது தினப்படி சொல். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று சொல்லாத தமிழாசிரியை உண்டா? பிறகு, சைபர்.

அவள் நிமிர்ந்தாள். "சைபருக்கும் சுழின்னுதான் பேரா? சும்மா சொல்லாதீங்க அத்தை."

"சுழியம்னு பாடப்புத்தகத்துல போடுறாங்களே, அது இதுலேர்ந்து வந்ததுதான்."

அவள் முகத்தில் ஓடியது என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்த மாதம் முழுக்க ஆயிற்று.

இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூவில் நான் கணிதத்தில் 200க்கு 192. பி.எஸ்ஸி. கணிதம் படிக்க மதுரையில் விடுதியில் தங்க வேண்டும். "பஸ்ஸுல போயிட்டுப் பொழுது சாய வந்துர்ற காலேஜ்ல என்ன இருக்கோ அதப் படி" என்றார் அப்பா. அங்கே எனக்குக் கிடைத்தது தமிழ். எங்கள் வகுப்பில் இருந்த 30 பெண்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். தமிழை நான் பிறகு நேசித்தேன், அது வேறு. தமிழ்த் துறை என்பது பெண் பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருக்கிற இடம் என்று ஊர் நினைப்பது தமிழுக்கும் அவமானம், பெண்ணுக்கும் அவமானம். இருபது வருடங்களுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். இதை மேடையில் சொன்னதில்லை.

ஆகவே பாப்பா சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது நான் நோட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 46 வயதில்.

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தை திரவ ஹீலியத்தில் வைத்துக் குளிரவைத்தார். மைனஸ் 269 டிகிரிக்கு அருகே அதன் மின்தடை திடீரென்று இல்லாமல் போனது. அப்படிப்பட்ட வளையத்தில் ஒருமுறை மின்சாரத்தை ஓடவிட்டால் பேட்டரி இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் குளிர் நம் நாட்டுக்கு வந்த கதையில் எங்கள் பக்கத்து ஊரும் இருக்கிறது. ராமன் விளைவில் ராமனுக்குத் துணையாக நின்ற கே.எஸ். கிருஷ்ணன் 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர். 1950களில் அவருடைய காலத்தில்தான் அங்கே திரவ ஹீலிய ஆய்வு தொடங்கியது. வத்திராயிருப்பு பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தப் பெயரை என்னிடம் சொன்னது பாப்பாதான்.

1950இல் கின்ஸ்பர்க், லாண்டாவ் என்ற இரண்டு ரஷ்யர்கள் மீக்கடத்திக்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். அதற்குள் சை என்ற கிரேக்க எழுத்து வரும். ("சையா? பேரே இப்படியா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள்.) மீக்கடத்தியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் பாப்பா. அம்பு நீளமாக இருந்தால் அந்த இடத்தில் மீக்கடத்தல் பலமாக இருக்கிறது; குட்டையானால் பலவீனம். அம்புக்கு ஒரு திசையும் உண்டு. பக்கத்துப் பக்கத்து அம்புகள் சட்டென்று வேறு திசைக்குத் திரும்பிவிடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் விதி.

மறுநாள் காலை கண்மாய்க்குப் போனோம். மடை வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும் இடத்தில் ஒரு சுழி உண்டு. சின்னப் பிள்ளையில் நான் அதில் வேப்பிலை போட்டு வேடிக்கை பார்ப்பேன். பாப்பாவும் இலை போட்டாள். "இதைச் சுத்தி ஒரு வட்டம் நடந்து வாங்க. கூடவே அம்பு எந்தப் பக்கம் காட்டுதுன்னு பார்த்துக்கிட்டே வாங்க. புறப்பட்ட இடத்துக்கு வரும்போது அம்பும் புறப்பட்ட திசைக்கே வந்திருக்கணும். அப்போ வழியில அது எத்தனை முழுச்சுத்துத் திரும்பியிருக்கும்? பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு. ஒண்ணேகால் சுத்துன்னு வர முடியாது."

சரி என்றேன்.

"ஒரு சுத்துன்னு வந்தா, வட்டத்தைச் சுருக்கிக்கிட்டே போங்க. சுருங்கச் சுருங்க ஒரு சுத்து ஒரு சுத்தாவேதான் இருக்கும். கடைசியில வட்டம் ஒரு புள்ளியாயிடும். அந்தப் புள்ளியில அம்பு எந்தப் பக்கம் காட்டும்?"

எல்லாப் பக்கமும் காட்ட வேண்டும். அது முடியாது. ஆகவே அந்த இடத்தில் அம்பே இருக்கக் கூடாது. நீளம் பூஜ்யம்.

"சுழி நடுவுல சுழி" என்றாள். "இதைத்தான் நீங்க அன்னைக்குச் சொன்னீங்க அத்தை. நாங்க மூணு வரி எழுதி நிரூபிக்கிறதை உங்க அகராதி ஒரே வார்த்தையில வெச்சிருக்கு."

அகராதிக்கு இது தெரிந்திருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். சொற்கள் தற்செயலாக ஒன்றாவது உண்டு. தமிழில் எல்லாம் இருக்கிறது என்று மார்தட்டுகிறவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. ஆனாலும் அந்த மடையில் நின்றபோது ஒரு கணம் தலை சுற்றியது.

மீக்கடத்தி பொதுவாகக் காந்தப் புலத்தை உள்ளே விடாது. 1933இல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது அது. ஆனால் சில உலோகக் கலவைகள் புலம் கூடும்போது முற்றிலும் தோற்காமல் நூல் நூலாக உள்ளே விடுகின்றன. ஒவ்வொரு நூலைச் சுற்றியும் மின்சாரம் சுழல்கிறது. ஒவ்வொரு நூலும் சரியாக ஒரே அளவு காந்தப் பாயம் கொண்டுவருகிறது, அரை நூல் கிடையாது. முழுச்சுற்றுக் கணக்கின் விளைவுதான் அது. இப்படிச் சுழிகள் வரும் என்று அலெக்ஸி அப்ரிகோசோவ் என்ற இளைஞர் 1953லேயே கணக்குப் போட்டாராம். அவருடைய ஆசிரியர் லாண்டாவ் ஒப்பவில்லை. தாள்கள் மேசை அறைக்குள் போயின. 1957இல்தான் வெளிவந்தன. 2003இல் நோபல் பரிசு.

அந்தக் கட்டுரையில் ஒரு பிழை இருந்தது என்று பாப்பா சொன்னபோது எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. (ஆசிரியைப் புத்தி.) சுழிகள் ஒன்றையொன்று தள்ளும், ஆகவே சம இடைவெளிவிட்டு வரிசையாக நிற்கும். எப்படிப்பட்ட வரிசை? சதுர வரிசைதான் மீக்கடத்திக்குச் சிக்கனம் என்று அப்ரிகோசோவ் முடிவுசெய்தார். கிளைனர், ராத், ஆட்லர் என்ற மூவர் 1964இல் மறுபடி கணக்குப் போட்டார்கள். சதுரத்துக்கு ஓர் எண் 1.18, முக்கோண வரிசைக்கு அதே எண் 1.16. எது குறைவோ அதுதான் நிற்கும். முக்கோணம்.

எனக்கு இது கோலமாகத்தான் புரிந்தது. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி. நேர்ப்புள்ளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்போம், சதுரம் வரும். ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறு. அம்மாவிடம் கேட்டோம், நெருக்கமாகவும் இடிக்காமலும் புள்ளி வைக்க எது நல்லது என்று. "ஊடுபுள்ளிதான். இதுக்கா இத்தனை படிப்பு?" 1967இல் எஸ்மனும் ட்ராய்பிளும் இரும்புத் துகளைத் தூவி அந்தச் சுழிகளைப் படமே எடுத்துவிட்டார்கள். பாப்பா காட்டினாள். மார்கழி வாசல் போலத்தான் இருந்தது.

பிழை திருத்திய மூவரில் ராத் ஒரு பெண்: லாரா ராத். கட்டுரையில் எல்.எம். ராத் என்று தலைப்பெழுத்துகள் மட்டும்தான் இருக்கும். பாப்பாவே நெடுநாள் அவரை ஆணென்று நினைத்திருக்கிறாள். நானும் பழைய பத்திரிகைகளில் தலைப்பெழுத்து மட்டும் போட்டு எழுதியவர்களை ஆண்கள் என்று கணக்கில் வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியவள்தான். எத்தனை பேரை அப்படி விட்டேனோ.

இதுவரை சொன்னது நிற்கிற சுழி. பாப்பாவின் வேலை நகர்கிற சுழி.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது அது சுழிகளைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளினால் சுழி வண்டி மாதிரி வேகமெடுத்துப் போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பால் சுண்டி இறுகிய பிறகு கரண்டியைத் தள்ளுகிறவரை நகரும். கை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சுழியும் அப்படி. விசை எவ்வளவோ அவ்வளவு வேகம். விசை இல்லையேல் வேகம் இல்லை. எழுதினால் ஒரு வரிச் சமன்பாடுதான். இடப்பக்கம் சுழியின் வேகத்தைப் பாகின் பிசுக்கால் பெருக்கி எழுதுகிறார்கள். வலப்பக்கம் மூன்று: மின்சாரம் தள்ளும் தள்ளு, மற்றச் சுழிகள் தள்ளும் தள்ளு, உலோகத்தின் குறைகள் பிடித்திழுக்கும் இழுப்பு.

ஒரு வரிதான், ஆனால் எத்தனை சுழிக்கு? ஒரு டெஸ்லா புலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 4,800 கோடி. எந்தக் கம்ப்யூட்டரும் அத்தனைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடாது. ஆடிப்பூரத் தேரோட்டத்தை மாடியிலிருந்து பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும் என்றாள் பாப்பா. மேலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. எங்கே நெருக்கம், எங்கே தளர்ச்சி, நெருக்கம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரியும். சுழிகளை அப்படி ஒரு கூட்டமாக, அடர்த்தியாக எழுதும் சமன்பாட்டை 1996இல் சாப்மன், ரூபின்ஸ்டைன், மிஷேல் ஷாட்ஸ்மன் மூவரும் கொடுத்தார்கள். ஷாட்ஸ்மன் பிரெஞ்சுக் கணிதவியலாளர், பெண். தனிச் சுழிகளின் கணக்கிலிருந்து கூட்டத்தின் கணக்குக்கு வந்துசேர்வதைக் கறாராக நிரூபிப்பது அதைவிடக் கடினம். அதில் 2017இல் பெரிய அடி எடுத்துவைத்தவர் சில்வியா செர்ஃபாட்டி. அவரும் பாரிஸில் பிறந்த பெண்தான். "இந்த ஏரியாவில மட்டும் ஏன் இத்தனை பொம்பளைங்க?" என்று நான் வியந்தபோது பாப்பா சிரித்தாள். "மூணு பேர் சொன்னதும் இத்தனைன்னு தோணுது பார்த்தீங்களா? மூணு ஆம்பளை பேர் சொல்லியிருந்தா எண்ணியிருப்பீங்களா?"

சுழிகளைத் தள்ளும் விசைக்கு லாரன்ஸ் விசை என்று பெயர், டச்சு இயற்பியலாளர் ஹென்ட்ரிக் லாரன்ஸின் பெயரால். அவருக்கு 1885இல் ஒரு மகள் பிறந்தார், கீர்த்ராய்டா. அப்பாவிடமே ஆராய்ச்சி செய்து 1912இல் முனைவர் பட்டம் வாங்கினார். கணவர் டி ஹாஸும் இயற்பியலாளர். 1925இல் கீர்த்ராய்டா ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: மீக்கடத்தியின் மேற்பரப்பிலிருந்து காந்தப் புலம் எவ்வளவு ஆழம் உள்ளே போகும்? கணக்கிட்டு எழுதினார். டச்சு மொழியில், டச்சுப் பத்திரிகை ஒன்றில். அதிகம் பேர் கவனிக்கவில்லை. பத்து வருடம் கழித்து, 1935இல், ஃப்ரிட்ஸ் லண்டன், ஹெய்ன்ஸ் லண்டன் என்ற சகோதரர்கள் தங்கள் கோட்பாட்டின் வழியே அந்த நீளத்துக்கு வந்தார்கள். இன்று உலகம் முழுக்க அதற்கு லண்டன் ஆழம் என்று பெயர். ஒரு சுழியின் காந்தம் எவ்வளவு அகலம் பரவும் என்பதைச் சொல்வது அந்த நீளம்தான். 1957இல், அப்ரிகோசோவின் கட்டுரை வந்த அதே வருடம், கீர்த்ராய்டா தொகுத்த நூல் ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. தன் அப்பாவைப் பற்றிய நினைவு நூல்.

விசைக்கு அப்பாவின் பெயர். ஆழத்துக்கு யாரோ இரண்டு சகோதரர்களின் பெயர்.

நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் பாப்பாவிடம், "உன் ஆராய்ச்சியைத் தமிழ்ல எழுது, நான் கூட இருக்கேன்" என்று ஆசையாகச் சொல்லியிருந்தேன். அவள் மறுக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "நான் முதல்ல தமிழ்ல எழுதினா எனக்கும் இதுதானே அத்தை?"

இருபது வருடங்களாகத் தாய்மொழியில் அறிவியல் என்று கூட்டங்களில் பேசுகிறவள் நான். என்னிடம் பதில் இல்லை. கீர்த்ராய்டா எழுதிய மொழி, லாரன்ஸும் எழுதிய மொழிதான். மொழி மட்டுமே காரணம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. முதலில் ஆங்கிலத்தில் எழுதட்டும், பிறகு தமிழில் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். "பிறகு" என்ற சொல்லை நான் நம்புவதில்லை. பெண்கள் கேட்ட சொற்களில் மோசமானவற்றில் அது ஒன்று.

அம்மாவுக்கு முதுகுத்தண்டில் எம்.ஆர்.ஐ. எடுக்க மதுரைக்குப் போனோம். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றாள் அங்கிருந்த பெண். வளையல், மெட்டி வந்துவிட்டன. மூக்குத்தி ஐம்பது வருடமாகக் கழற்றாதது; சோப்புத் தண்ணீர் போட்டுத் திருகினோம், ஒரு சொட்டு ரத்தம் வந்தது. தாலிக்கு வந்தபோது அம்மா கழுத்தைப் பொத்திக்கொண்டாள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் இதைத் தினமும் பார்ப்பவள் போல மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்குத் துண்டுகளும் தயாராக இருந்தன. கட்டிக்கொண்டு உள்ளே போனாள் அம்மா.

கதவுக்கு வெளியே தட தடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாப்பா மெதுவாகச் சொன்னாள், அம்மாவைச் சுற்றியிருப்பது நையோபியமும் டைட்டேனியமும் கலந்த கம்பிச்சுருள். திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. அதன் காந்தப் புலம் 1.5 டெஸ்லா என்றால் நம் ஊரில் பூமியின் காந்தத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அந்தக் கம்பிக்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆயிரக்கணக்கான கோடி சுழிகள் நின்றுகொண்டிருக்கின்றன. நிற்க வேண்டும். நகர்ந்தால் மின்னழுத்தம் பிறக்கும், அழுத்தம் பிறந்தால் சூடு, சூடு பிறந்தால் கம்பி சாதாரணக் கம்பியாகிவிடும். ஹீலியம் கொதித்துப் போகும்.

"எது பிடிச்சு நிறுத்துது?"

"குறைகள்தான். கம்பியைச் சூடாக்கி இழுத்து இழுத்து, உள்ளே டைட்டேனியம் தனியா பிரிஞ்சு திட்டுத்திட்டா நிக்கிற மாதிரி செய்வாங்க. அந்தத் திட்டுல மீக்கடத்தல் கிடையாது. சுழி நடுவிலயும் கிடையாது. அதனால சுழி அங்கே போய் உட்கார்ந்துக்கும், செலவில்லாம. குறையே இல்லாத சுத்தமான உலோகத்துல சுழி லேசா தள்ளினாலே நகரும். அதை வெச்சு மெஷின் செய்ய முடியாது."

நான் வாயைத் திறப்பதற்குள், "இதைக் கவிதையாக்கிடாதீங்க அத்தை" என்றாள்.

ஆக்கியிருப்பேன். குறைகளே தாங்குகின்றன என்று ஒரு கவிதை அந்தப் பெஞ்சிலேயே பாதி வந்துவிட்டது. பெண் கவிஞர்களிடம் அதை எதிர்பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சுழிகள் நிற்பது கம்பிக்கு மின்சாரம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக. யாரோ தடையில்லாமல் ஓட, யாரையோ அசையாமல் ஓர் இடத்தில் நிறுத்துவது எங்கள் வீட்டில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஏற்பாடு. "பஸ்ஸுல போயிட்டு வர்ற காலேஜ்." அதைப் பாராட்டிக் கவிதை எழுத மாட்டேன். சுழி சுழியாகவே இருக்கட்டும்.

பாப்பாவின் கேள்வியும் அதைப் பற்றித்தான், ஆனால் எண்ணாக: குறைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிற தகட்டில், மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் சுழிக் கூட்டம் எந்த அளவில் பிடியை விட்டு நகரத் தொடங்கும்? எல்லாம் ஒன்றாகக் கிளம்புமா, சில வழிகளில் மட்டும் ஒழுகுமா? திரையில் நாங்கள் பார்த்த எறும்புகள் அவைதான். பெரும்பாலானவை நிற்கும், நடுவில் ஒரு வரிசை மட்டும் மற்றவற்றுக்கு இடையில் நெளிந்து நெளிந்து ஓடும். "அது எங்கே போகுது?" என்று அம்மா கேட்டாள். "ஓரத்துக்கு அப்பத்தா. சுழி சும்மா மறையாது. ஓரம் வழியா வெளியே போகணும், இல்லாட்டி எதிர்த்திசையில சுத்துற சுழியோட மோதி ரெண்டும் சேர்ந்து அழியணும். வேற வழி கிடையாது. ஓரத்தை மட்டும் சுத்தி வந்து கணக்கெடுத்தாலே உள்ளே மொத்தம் எத்தனைன்னு தெரிஞ்சிடும்."

அவள் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வந்திருந்தார். மாப்பிள்ளை இருக்கிறான், ராஜபாளையத்தில் மில் வேலை, நல்ல குடும்பம். பேச்சோடு பேச்சாக அம்மாவிடம் கேட்டார்: "பிள்ளைக்கு அந்தச் சுழி... அத்தைக்கு இருந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். 2001இன் மல்லிகை வாசனை மூக்கில் ஏறியது.

பாப்பா எழுந்து வந்து அப்பத்தாவின் கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள். "ரெண்டு இருக்கு சித்தி. அப்பத்தா, தொட்டுக் காட்டுங்க."

அம்மாவின் விரல் தயங்கிப் போய் ஒன்றில் நின்றது, பிறகு இன்னொன்றில்.

"சரி. இப்போ ஓரம் பாருங்க. நெத்தி, காதோரம், பிடரி, மறுபடி காதோரம். முடி எந்தப் பக்கம் விழுது?"

"கீழதான் விழுது. எல்லாப் பக்கமும்."

"ஒரு சுத்து வந்தா திசையும் ஒரே ஒரு சுத்து. அப்போ உள்ளே மொத்தம் ஒண்ணுதான் இருக்கணும். ஆனா ரெண்டு சுழி இருக்கு. கணக்கு இடிக்குதில்ல? அப்போ மைனஸ் ஒண்ணு ஒண்ணு எங்கேயோ இருந்தாகணும். ரெண்டு சுழிக்கும் நடுவுல தேடுங்க. ரெண்டு பக்கத்துலேர்ந்து முடி வந்து முட்டி, மத்த ரெண்டு பக்கம் பிரிஞ்சு போகிற இடம்."

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சீப்பின் நுனியால் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். நானும் கிட்டே போனேன். சொந்தக்காரப் பெண்மணியும், தன்னை அறியாமல், கழுத்தை நீட்டினார்.

"இங்க இருக்கு" என்றாள் அம்மா. "ஆமா, இந்த இடம். இங்கதான் சீப்பு எப்பவும் நிக்காது. உன் அத்தைக்கும் நான் ஹேர்பின் குத்துற இடம்."

"ரெண்டுல ஒண்ணு போனா?"

"ஒண்ணு."

"ஒத்தைச் சுழிக்காரங்களுக்கு?"

"ஒண்ணு" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏத்தா, நீ வா இங்க. உட்காரு" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து ஹேர்பின்னைக் கழற்றினேன்.